‘உயிரி வடிகட்டு ஊடகம்’ வேண்டாம், ‘உறைப்பஞ்சு’ என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆக்ஸலாட்டில் (நீரிலேயே வாழும் சாலமாண்டர் வகைப் பிராணி) வளர்க்கும் தொட்டியின் ஃபில்டர் மீடியாவுக்கு, அதாவது ஃபில்டரில் பாக்டீரியா குடியேறும் பஞ்சு போன்ற பொருளுக்கு, முந்தைய மடலில் வந்த ‘உயிரி வடிகட்டு ஊடகம்’ என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. ஊடகம் என்றால் தொலைக்காட்சிதான் நினைவுக்கு வருகிறது. அதைவிடப் பெரிய சிக்கல் ‘வடிகட்டு’. அழுக்கைப் பிடிக்கும் பொருள், பளிச்சென்று கழுவி வைக்கணும் என்றுதான் கேட்பவருக்குத் தோன்றும்.

சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் ஸ்பாஞ்ச் ஃபில்டர் வாங்கிப் போகிறவர்களில் பலர் அதைத்தான் செய்கிறார்கள். பஞ்சைக் குழாயடியில் வைத்துத் தேய்க்கிறார்கள். மெட்ரோ வாட்டரில் குளோரின் உண்டு. பஞ்சில் வாழும் பாக்டீரியா அதில் செத்துவிடும். பிராணியின் கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுவது அந்த பாக்டீரியாதான். ஆக்ஸலாட்டிலோ புழுவும் இறாலும் தின்று நிறையக் கழிக்கிற பிராணி. செவுள்கள் தலைக்கு வெளியே விரிந்து நிற்பவை, தோலும் மெல்லியது. அதற்கு 16 முதல் 18 டிகிரி வரை குளிர்ந்த தண்ணீர் வேண்டும். சென்னை வெயிலில் தொட்டி சூடேறினால் அதே அளவு அம்மோனியா இன்னும் கொடிய நஞ்சாகும். ஆகவே இந்தப் பெயரில் நாம் கவனமாக இருந்தே ஆகவேண்டும்.

புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியா பெருகி நிலைபெறுவதை ‘சைக்கிள் ஆகணும்’ என்று கடைக்காரர்கள் சொல்வதும் குழப்புகிறது. தண்ணீர் சுற்றிச் சுற்றி ஓடினால் போதும் என்று புதியவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

என் பரிந்துரை ‘உறை’. பாலுக்கு உறைமோர் ஊற்றுவது போலத்தான், நன்றாக ஓடும் தொட்டியின் பழைய பஞ்சைப் புதுத் தொட்டியில் போடுகிறோம். அந்தப் பஞ்சு ‘உறைப்பஞ்சு’, அந்தச் செயல் ‘உறையிடல்’. அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியமாகி நைட்ரேட் தெரியத் தொடங்கினால் ‘தொட்டி உறையேறிவிட்டது’ என்று சொல்லலாம். உறையிடாமல் தொடங்கினால் இதற்கு 4 முதல் 6 வாரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும்.

தலையணை உறையோடு குழம்பாதா என்று கேட்கலாம். இடம் பார்த்துப் புரிந்துகொள்வது நமக்குப் பழக்கம்தான். உறைதல் என்றால் தங்கி வாழ்தல் என்ற பொருளும் உண்டு, உறைவிடம் என்கிறோமே. பாக்டீரியாவுக்கு அது சரியாகவே பொருந்துகிறது. ‘உறைந்த தொட்டி’ மட்டும் வேண்டாம், பனிக்கட்டியாகிவிட்டது என்று படிப்பார்கள். எப்போதும் ‘உறையேறிய’ என்றே எழுதுவோம்.

வினைச்சொல்லிலும் கவனம் தேவை. ‘கழுவுதல்’ கூடாது, ‘அலசுதல்’ சரி. இரண்டு பஞ்சு இருந்தால் ஒரே நாளில் இரண்டையும் தொடாமல் மாற்றி மாற்றி அலசுவது நல்லது.

சொற்பட்டியலில் இப்படிச் சேர்க்கலாம்:

உறைப்பஞ்சு: கழிவை மாற்றும் பாக்டீரியா குடியேறிய தொட்டிப் பஞ்சு. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலச வேண்டும்.

ஆட்சேபம் இருப்பவர்கள் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்.