ஓடின்ல போட்டா நாக்ஸ் போகுமா?

கருப்புத்திரை:
"கம்ப்யூட்டர் வழியா அப்டேட் போடாதீங்க, நாக்ஸ் போயிடும், தானா வர்ற வரைக்கும் பொறுங்க." பொறுமைசாலி நேத்து ஒரு புதியவருக்குக் கொடுத்த அருள்வாக்கு இது. நாக்ஸ்னா சாம்சங் போனோட பாதுகாப்பு ஏற்பாடு. சிஸ்டத்துல கை வெச்சாச்சான்னு குறிச்சு வைக்கிற ஒரு ஃபியூஸ் அதுல இருக்கு: 0-ன்னா நல்லது, 1-ன்னா போச்சு. சாம்சங் கையொப்பம் இருக்கிற ஃபர்ம்வேரை, அதாவது போனோட சிஸ்டம் மென்பொருளை, கம்ப்யூட்டர்ல இருந்து ஏத்துற டூலான ஓடின்ல ஏத்தினா நாக்ஸ் போகாது. கையொப்பம் இல்லாத ரெக்கவரி, கெர்னல் மாதிரி சிஸ்டம் பகுதி எதையாவது ஏத்தினாதான் அந்த ஃபியூஸ் எரியும். எரிஞ்சா எரிஞ்சதுதான், அப்புறம் ஒரிஜினலை எத்தனை தடவை போட்டாலும் 1 திரும்ப 0 ஆகாது. செக்யூர் ஃபோல்டர், சாம்சங் பே எல்லாத்துக்கும் கும்பிடு. இந்த ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர் எதுக்கு அறிவுரை சொல்லணும்?

பொறுமைசாலி:
வந்துட்டார்யா வாத்தியார். ஓடினை சாம்சங் பொதுமக்களுக்குன்னு வெளியிட்டுச்சா? இல்ல. சர்வீஸ் ஆளுங்க கையில இருந்து கசிஞ்ச டூல். கசிஞ்ச டூல்ல போடுறது அதிகாரப்பூர்வமா? அப்டேட்டைக் கொஞ்சம் கொஞ்சம் பேருக்கா விடுறதே, ஏதாவது கோளாறுன்னா சர்வர்லயே நிறுத்திடலாம்னுதான். வரிசையைத் தாண்டிக் குதிக்கிறவனுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

கருப்புத்திரை:
நான் கேட்டது நாக்ஸ். போகுமா, போகாதா?

பொறுமைசாலி:
நாக்ஸ் பிழைச்சாலும் டேட்டா பிழைக்குமா? ஓடின்ல சிஎஸ்சி (நாடு, நெட்வொர்க் அமைப்பு) கட்டத்துல எந்த ஃபைலைப் போடணும்னு அந்தப் புதியவருக்குத் தெரியுமா?

கருப்புத்திரை:
தெரியலேன்னா சொல்லிக் கொடுக்கணும், பயமுறுத்தக் கூடாது. இந்தாங்க.

ஃபர்ம்வேர் ஜிப்பைப் பிரிச்சா பிஎல் (போனைக் கிளப்புற பூட்லோடர்), ஏபி (முக்கிய சிஸ்டம்), சிபி (மோடம்), சிஎஸ்சி, ஹோம் சிஎஸ்சின்னு அஞ்சு ஃபைல் இருக்கும். நிரப்ப வேண்டிய கட்டம் நாலுதான். சிஎஸ்சி கட்டத்துல ஹோம் சிஎஸ்சி போட்டா டேட்டா இருக்கும், வெறும் சிஎஸ்சி போட்டா துடைச்சு எடுத்துடும். ஹோம்னாலும் பேக்கப் எடுத்துட்டுதான் உட்காரணும்.

ஏபி ஃபைல் பல ஜிபி. அதைத் தேர்ந்தெடுத்ததும் ஃபைல் கெடாம இருக்கான்னு (எம்டி5) சரிபார்க்க ஓடின் சில நிமிஷம் உறைஞ்சு நிக்கும். "நாட் ரெஸ்பாண்டிங்"னு வரும். தொங்கிடுச்சுன்னு மூடாதீங்க, சும்மா விடுங்க.

போனை அணைச்சு, ரெண்டு வால்யூம் பட்டனையும் அழுத்திப் பிடிச்சபடி கேபிளைச் செருகுங்க. எச்சரிக்கைத் திரை வந்ததும் வால்யூம் அப், டவுன்லோட் திரை வரும். ஓடின்ல காம் போர்ட் எண் தெரியும். ரீ-பார்ட்டிஷனை (ஸ்டோரேஜை மறுபடி பிரிக்கிற தேர்வு) மட்டும் தொடாதீங்க. "செட்டப் கனெக்‌ஷன்"லயே நின்னா பெரும்பாலும் கேபிள், இல்லேன்னா டிரைவர். யூஎஸ்பி ஹப் வேண்டாம்.

முக்கியமானது: பில்ட் எண்ல வலதுபக்கத்துல இருந்து 5-ஆவது எழுத்து. அதுதான் பூட்லோடர் பதிப்பு. போன்ல 5 இருந்து ஃபைல்ல 4 இருந்தா, போன் திரையில சிவப்பா "எஸ்டபிள்யூ ரெவ் செக் ஃபெயில், டிவைஸ் 5, பைனரி 4"ன்னு வந்து நிக்கும். 9-க்கு மேல ஏ, பின்னு எழுத்தா ஓடும்.

இவ்வளவும் பண்ணிட்டு அதே டவுன்லோட் திரையில வாரண்டி பிட்டை, அதாவது அந்த நாக்ஸ் ஃபியூஸ் எண்ணைப் பாருங்க. 0-ன்னுதான் இருக்கும். நாக்ஸ் போகாது.

இலக்கணன்:
"அப்டேட்"க்குப் "புதுப்பிப்பு"ன்னு நல்ல சொல் இருக்கே. இவ்வளவு எழுதுற கைக்கு இது ஒரு பாரமா?

கருப்புத்திரை:
போன் மெனுவுலயே "மேம்படுத்தல்"னு ஒரு இடத்துல, "புதுப்பிப்பு"ன்னு ஒரு இடத்துல இருக்கு. முதல்ல அதை ஒண்ணாக்கச் சொல்லுங்க, அப்புறம் என்கிட்ட வாங்க.

இலக்கணன்:
போன வருஷம் "தரவு"ன்னு எழுதச் சொன்னப்பவும் இப்படித்தான் பாய்ஞ்சீங்க. மறக்கல.

இருகதவு:
சாம்சங்கை விடுங்கப்பா. பிக்சல்ல கூகுளே முழு ஓடிஏ ஃபைலை, அதாவது போனுக்குத் தானா வர்ற அதே அப்டேட்டை, தளத்துல வெச்சிருக்கு. ரெக்கவரியில ஏடிபி சைட்லோட் பண்ணினா, அதாவது கேபிள் வழியா கம்ப்யூட்டர்ல இருந்து அனுப்பினா, பூட்லோடரைத் திறக்கவும் வேண்டாம், டேட்டாவும் போகாது. இது காத்திருக்கிற பக்கமா, கம்ப்யூட்டர் பக்கமா, எந்தப் பக்கம்? பூட்லோடர் வழியா நேரா ஏத்துற ஃபாஸ்ட்பூட்காரங்களுக்கும் ஒண்ணு: ஃப்ளாஷ்-ஆல் ஸ்கிரிப்ட்ல அந்த "டபிள்யூ" கொடியை எடுக்காம ஓட்டினா டேட்டா காலி.

பொறுமைசாலி:
பிக்சலா? 2022 ஆகஸ்ட்ல ஆண்ட்ராய்டு 13 வந்தப்போ பிக்சல் 6, 6 ப்ரோ, 6ஏ மூணுலயும் பூட்லோடர்ல ரோல்பேக் தடை, அதாவது பழைய பதிப்புக்கு இறங்க விடாத பூட்டு வந்துச்சு. பிக்சல்ல சிஸ்டத்துக்கு ரெண்டு ஸ்லாட் உண்டு. ஒரு ஸ்லாட்ல 13-ஐப் போட்டுட்டு இன்னொண்ணுல 12-ஓட பூட்லோடரை விட்டு வெச்சவங்க, போன் பழைய ஸ்லாட்டுக்குத் தாவினதும் உயிர் போன போனைச் செங்கல் மாதிரி கையில பிடிச்சாங்க. காத்திருந்தா என்ன குறைஞ்சிருக்கும்?

இருகதவு:
பழைய ஸ்லாட்லயும் புது பூட்லோடரை ஏத்துங்கன்னு கூகுளே சொல்லிச்சே, படிக்கலையா? நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரல. சைட்லோட் எந்தப் பக்கம்?

கருப்புத்திரை:
பார்த்தீங்களா, நாக்ஸ்ல மாட்டினதும் பிக்சலுக்கு ஓடிட்டார். செங்கல் ஆகுற வழி பூட்லோடரைத் திறந்து கஸ்டம் ரோம் (வெளியாளுங்க செஞ்ச சிஸ்டம்) போடுறது, அது போட்டபடியே திரும்பப் பூட்டுறது. அது வேற ஊர், வேற ரோடு. பூட்லோடரைத் திறக்கறப்பவே டேட்டா துடைக்கப்படும், பல போன்கள்ல வைட்வைன் (வீடியோவுக்கான காப்புப் பூட்டு) எல்1-ல இருந்து எல்3-க்கு இறங்கி வீடியோ மங்கலாகும், பேங்க் ஆப் முரண்டு பிடிக்கும். அதை எவன் செய்யச் சொன்னான்? நான் சொன்னது ஸ்டாக், கம்பெனியோட ஒரிஜினல். கையொப்பமிட்ட ஸ்டாக். நாக்ஸ் போகாது.

பொறுமைசாலி:
அந்த ஸ்டாக்கை எங்க இருந்து இறக்குறீங்க? எவனோ நடத்துற தளத்துல இருந்து.

கருப்புத்திரை:
ஃபைல்ல ஒரு பைட் மாறியிருந்தா கையொப்பம் ஒத்துவராது, பூட்டின பூட்லோடர் துப்பிடும். கையொப்பம்னா என்னன்னு நினைச்சீங்க, வாழ்த்து மடலா?

துண்டுகேபிள்:
பிஎல் 4 காட்டுதுன்னா, ஏபி மட்டும் 5 போடலாமா?

கருப்புத்திரை:
போடாதீங்க. நாலையும் ஒரே பில்ட்ல இருந்து போடுங்க. கலந்தா பூட்லூப், திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிட்டே இருக்கும்.

பொறுமைசாலி:
கேட்டீங்களா, இப்போ இவரே "போடாதீங்க"ன்றார். இதைத்தான் நானும் சொன்னேன்.

கருப்புத்திரை:
நீங்க சொன்னது நாக்ஸ் போயிடும்னு. மேல அப்படியே கிடக்கு, அழிச்சாலும் என்கிட்ட ஸ்க்ரீன்ஷாட் இருக்கு.

பொறுமைசாலி:
சரி, ஒரே ஒரு கேள்வி. ஓடின் அதிகாரப்பூர்வமா, இல்லையா? ஒரு வார்த்தையில.

கருப்புத்திரை:
நாக்ஸ் போகாது.

இலக்கணன்:
அது ரெண்டு வார்த்தை.