செங்குத்துக் கோடு வை அச்சை வெட்டும் இடம்: எனக்கு 13, விடைப் பக்கத்தில் −3

அட்டன் மாணவி:
(0, 6), (8, 0) ஊடாகப் போகிற கோட்டுக்குச் செங்குத்தா, (6, 5) ஊடாக ஒரு கோடு. அது வை அச்சை எங்கே வெட்டும்? எனக்கு 13 வருது. முதல் கோட்டின் படித்திறன், அதாவது சாய்வு, (6 − 0)/(8 − 0) = 3/4. தலைகீழாக்கி, குறியை மாத்தினா −4/3. எங்க பிழை சேர்?

கொட்டகலை கணித ஆசிரியர்:
தலைகீழாக்கினது சரி மகள், பிழை அதுக்கு முந்தின வரியில. மேலே முதல் புள்ளியிலிருந்து இரண்டாவதைக் கழிச்சிருக்கீங்க; கீழே இரண்டாவதிலிருந்து முதலாவதை. ஒரே ஒழுங்கில் கழிக்கணும்: (0 − 6)/(8 − 0) = −3/4. வலப்பக்கம் போகப் போக கோடு 6இலிருந்து 0க்கு இறங்குதே, அதுக்கு நேர்ப் படித்திறன் எப்படி வரும்?
செங்குத்துக்கு 4/3. (6, 5)இலிருந்து இடப்பக்கம் 6 போனா 8 இறங்கும். 5 − 8 = −3.

அட்டன் மாணவி:
வந்துட்டு சேர், நன்றி. ஆனா வரைபுத்தாள்ல கீறி பாகைமானி வச்சா 54 பாகைதான் காட்டுது!

பண்டாரவளை டியூஷன்:
அச்சுக்கு என்ன அளவிடை?

அட்டன் மாணவி:
எக்ஸ் அச்சில் 1 சென்ரிமீற்றருக்கு 1 அலகு, வை அச்சில் 2. தாள் காணாது.

பண்டாரவளை டியூஷன்:
அதான். உயரமெல்லாம் பாதியா நசுங்கிட்டு. −3/4 கோடு தாளில் −3/8 ஆகவும், 4/3 கோடு 2/3 ஆகவும் கிடக்குது. பெருக்கினா −1/4, −1 வந்தாத்தான் 90 பாகை. கணக்கில பிழையில்லை. இரண்டு அச்சுக்கும் 1 சென்ரிமீற்றருக்கு 1 அலகு எடுத்துக் கீறுங்க.
ஏன் தலைகீழ், ஏன் குறி மாற்றம்னு மனப்பாடம் பண்ண வேணாம். அட்டையில 4, 3 சென்ரிமீற்றர் பக்கங்களோட ஒரு செங்கோண முக்கோணி வெட்டுங்க. 4 வலப்பக்கம் கிடையா, அதன் நுனியிலிருந்து 3 கீழே தொங்கட்டும். சாய்ந்த பக்கம் −3/4. இப்ப இடஞ்சுழியா 90 பாகை திருப்புங்க: கிடந்த 4 நிமிரும், தொங்கின 3 வலப்பக்கம் நீளும். 3 போனா 4 ஏற்றம், 4/3.

கொட்டகலை கணித ஆசிரியர்:
கோடு எக்ஸ் அச்சுக்குச் சமாந்தரம்னா இந்த முறை ஓடாது. படித்திறன் 0, தலைகீழாக்க ஏலாது. செங்குத்து நேரே நிமிர்ந்து நிற்கும். அதுக்குப் படித்திறனே இல்லை.

அட்டன் மாணவி:
புதுசாக் கீறினேன், 90 காட்டுது. முக்கோணியைத் திருப்பி (6, 5)இல வச்சா மறு மூலை (9, 9)இல, கோட்டு மேலேயே நிக்குது சேர்.