நௌகாஸ்டிங்குக்குத் தமிழ்ச் சொல்: 'நாழிகைக் கணிப்பு' சரிவருமா?

போர்ட் லூயி (மொரீசியஸ்), வெள்ளி இரவு

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

அடுத்த சில மணி நேர வானிலையைச் சொல்லும் நௌகாஸ்டிங்குக்குத் (nowcasting) தமிழில் என்ன சொல்லலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். ஐந்து சொற்கள் வந்தன. ஐந்தையும் நான் எழுதிக்கொண்டிருக்கும் செயற்கைக்கோள் வானிலைப் பயிற்சிக் குறிப்புகளில் போட்டுப் படித்துப் பார்த்தேன். ஒன்றும் பொருந்தி வரவில்லை.

முதலில் பொருளைப் பிடித்துக்கொள்வோம். 1980களின் தொடக்கத்தில் பிரித்தானிய வானிலை அறிஞர் கீத் பிரவுனிங் இதற்குத் தந்த விளக்கத்தில் இரண்டு பாதி உண்டு. இந்த நொடியில் வானம் எப்படி இருக்கிறது என்று நுணுக்கமாகச் சொல்வது ஒன்று. அதை வைத்து அடுத்த சில மணி நேரத்தில் என்ன மாறும் என்று சொல்வது மற்றொன்று. உலக வானிலை அமைப்பு அந்தக் கால அளவை 0 முதல் 6 மணி நேரம் என்று வைத்திருக்கிறது.

> நிகழ்நேரக் கணிப்பு என்றே வைத்துவிடலாமே.

சென்னை அண்ணன் சொன்னது. அண்ணா, 'நிகழ்நேரம்' ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. செயற்கைக்கோளிலிருந்து வந்து இறங்கும் படத்தை நிகழ்நேரப் படம் என்கிறோம். அதே சொல்லைக் கணிப்புக்கும் கொடுத்தால், வந்த படம் எது, வரப்போகும் மழை எது என்று படிப்பவருக்குப் பிரித்துத் தெரியாது.

> இங்கே பிரெஞ்சில் 'பிரெவிசியோன் இமெதியாத்' என்கிறார்கள். 'உடனடிக் கணிப்பு' போதும்.

ரெயூனியன் நண்பருக்கு: 'உடனடி' என்றால் கேட்டவுடன் கிடைப்பது என்றுதான் நம் காதில் விழும். எவ்வளவு நேரத்துக்கான கணிப்பு என்பது அதில் இல்லை. 'அண்மைக் கணிப்பு' பின்னாலும் பார்க்கும்; அண்மையில் வந்தார் என்றால் வந்து போய்விட்டார். 'குறுங்காலக் கணிப்பு' மூன்று நாள் வரைக்குமான முன்னறிவிப்புக்குப் போய்விட்டது. 'ஓரைக் கணிப்பு' என்றதும் சுக்கிர ஓரை, குரு ஓரை என்று நாட்காட்டியைப் புரட்டத் தொடங்கிவிடுவார்கள்.

நான் வைக்கும் சொல்: நாழிகைக் கணிப்பு.

ஒரு நாழிகை 24 நிமிடம். இரண்டரை நாழிகை ஒரு மணி. ஆறு மணி நேரம் சரியாகப் பதினைந்து நாழிகை. இந்தக் கணிப்பு நடமாடும் அளவே அதுதான். நம் தலைக்கு மேல் வேலை செய்யும் மெட்டியோசாட்-9 செயற்கைக்கோள், 2022 முதல் கிழக்கு 45.5 பாகையில், நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 36,000 கி.மீ. உயரத்தில் இருந்து 15 நிமிடத்துக்கு ஒரு படம் அனுப்புகிறது. ஒரு படம் வந்து, அடுத்ததும் வந்து, இரண்டையும் ஒப்பிட்டு முடிக்கும்போது ஏறத்தாழ ஒரு நாழிகை ஆகிவிடும். பழங்காலத்தில் நீர்க்கடிகை பார்த்து அரண்மனைக்குப் பொழுது சொன்னவர்களை நாழிகைக் கணக்கர் என்றார்கள். சொல் புதிதென்றாலும் வேர் பழையதுதான்.

இந்தச் சொல் எனக்கு அகராதியிலிருந்து வரவில்லை. 2013 மார்ச் 30, சனிக்கிழமை, நான் போர்ட் லூயியில் அப்பாவின் துணிக்கடையில் இருந்தேன். அப்பா ஷட்டரை இறக்கும்போது தண்ணீர் கணுக்கால் அளவு. பூட்டைத் தேடி எடுத்து வருவதற்குள் முழங்காலுக்கு வந்துவிட்டது. கீழ்த்தட்டு ஜவுளிக்கட்டுகளை மேலே தூக்க இரண்டு பேர் போதவில்லை. அன்று இரண்டு மணி நேரத்துக்குள் 152 மி.மீ. மழை. நகரத்தில் 11 பேர் இறந்தார்கள். சுரங்க நடைபாதையிலும் கட்டட அடித்தளத்திலும் சிக்கியவர்கள் அதில் உண்டு. எங்களுக்கு ஒரே ஒரு நாழிகை முன்னால் தெரிந்திருந்தால் போதும். நாளைக்கு மழை என்ற செய்தியால் அன்று எங்களுக்கு ஆகக்கூடியது ஒன்றுமில்லை.

2024 ஜனவரி 15, பெலால் புயல் வந்தபோதும் போர்ட் லூயித் தெருக்களில் கார்களை வெள்ளம் அடித்துக்கொண்டு போனதைப் பார்த்தோம். நம் புயல் எச்சரிக்கை வகுப்புகள் நான்கில் முதல் மூன்றும், மணிக்கு 120 கி.மீ. வேகக் காற்று வருவதற்கு எத்தனை மணி நேரம் இருக்கிறது என்பதை வைத்து வகுத்தவை. காற்றுக்கு அந்தக் கணக்கு சரி. ஒரு தெருவில் கொட்டும் மழைக்கு இன்னும் சின்ன கணக்கு வேண்டும்.

பயிற்சியில் பார்த்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வெப்பநிலையைக் காட்டும் அகச்சிவப்புப் படத்தில் மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு உயரம் போயிருக்கிறது என்று பொருள். உச்சி வேகமாகக் குளிர்ந்துகொண்டே போனால் இடிமேகம் வளர்கிறது. மென்பொருள் அப்படிப்பட்ட மேகங்களைத் தேடிக் கோடு போட்டுக் காட்டும். எங்கள் மேசையில் இருந்த மூத்த முன்னறிவிப்பாளர் ஒருவர், கோடே விழாத ஒரு சாம்பல் திட்டில் விரலை வைத்தார். "இது மோக்கா மலையில் ஏறும். உச்சி குளிராமலே கொட்டும்" என்றார். கடற்காற்று மலையில் மோதி மேலேறும்போது, மேகம் உறையும் உயரத்துக்குப் போகாமலே கனமழை தரும். அகச்சிவப்பை மட்டும் நம்பினால் அது கண்ணில் படாது. மென்பொருளை எழுதிய ஆய்வாளர் அந்த இடத்தைக் குறித்துக்கொண்டார். அப்புறம் சாப்பாட்டு நேரம் முழுக்க, கையில் தட்டோடு அவர் மலைகளைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார்.

உங்கள் கருத்து வேண்டும். குறிப்பாக டீச்சர் அம்மாவின் கருத்து.

---

ரோஸ் ஹில், சனி காலை

தம்பிக்கு வணக்கம்.

நாழிகை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் என் வகுப்புப் பிள்ளைகளுக்கு நேரம் இங்குள்ள பேச்சுமொழியான கிரியோலில்தான் வருகிறது. அவர்களில் நாழிகை தெரிந்தவர்கள், கோயில் பஞ்சாங்கத்தில் பார்த்தவர்கள்தான். அங்கேதான் எனக்குப் பயம். நாழிகை பஞ்சாங்கச் சொல். கணிப்பு ஜாதகக்காரர் சொல். இரண்டையும் சேர்த்து வைத்தால் ஐயர் சொன்ன பலன் போல ஆகிவிடாதா? ஆபத்தான நேரத்தில் அதை யார் நம்புவார்கள்?

இன்னொன்று. நீங்களே எழுதியிருக்கிறீர்கள், கோடு போட்டது மென்பொருள், விரல் வைத்தது மனிதர் என்று. இரண்டு வேலைக்கும் ஒரே சொல்லா?

---

போர்ட் லூயி, சனி மாலை

டீச்சர் அம்மா, உங்கள் இரண்டாவது கேள்வியிலேயே முதல் கேள்விக்கும் பதில் இருக்கிறது. எனக்கு இது தோன்றவே இல்லை.

பிரித்துவிடுவோம். படத்திலிருந்து மென்பொருள் கணக்கிட்டுத் தருவது நாழிகைக் கணிப்பு. கணிதம், கணினி என்று அதே வேரில் பிறந்த சொற்கள் நம்மிடம் இருப்பதால், ஆய்வுக் குறிப்புக்குள் 'கணிப்பு' ஜாதகத்துக்குப் போகாது. அந்தக் கணிப்பைப் பார்த்து, மலையும் காற்றும் தெரிந்தவர் தம் பொறுப்பில் சொல்வது நாழிகை முன்னறிவிப்பு. சொல்பவர் நாழிகை முன்னறிவிப்பாளர்.

பொதுமக்களுக்கான அறிவிப்பில் நாழிகையே வேண்டாம். அங்கே கடிகார மணிதான். எழுதிப் பார்த்தேன்:

"நாழிகைக் கணிப்பில் மேற்குக் கரையோர மேகம் வலுப்பதாகத் தெரிகிறது. மோக்கா மலைச்சரிவையும் கருதி, நாழிகை முன்னறிவிப்பாளர் போர்ட் லூயிக்குக் கனமழை எச்சரிக்கை தருகிறார். மக்களுக்கான அறிவிப்பு: மதியம் 2 மணிக்குள் கனமழை தொடங்கும். சுரங்க நடைபாதை, அடித்தள வண்டி நிறுத்தம் இரண்டையும் விட்டு இப்போதே வெளியேறுங்கள்."

கடைசி இரண்டு வரியை உங்கள் வகுப்பில் படித்துக் காட்டி, எந்தச் சொல்லில் பிள்ளைகள் தடுக்குகிறார்கள் என்று எழுதுங்கள் அம்மா. 'அடித்தளம்' புரியுமா என்றுதான் எனக்குச் சந்தேகம்.