உள்ளி பட்டர் கெடாமல் இருக்க வழி சொல்லுங்கள்

அக்காமார், அண்ணாமார், ஒரு உதவி. வெள்ளவத்தையில் இருக்கிறோம். உப்பில்லாத பட்டர் 500 கிராமை உருக்கி, உள்ளியும் கறிவேப்பிலையும் போட்டு, மெல்லிய நெருப்பில் வைத்து வடித்தெடுத்தேன். வாசம் அருமை! ஆனால் போன முறை செய்தது பிரிட்ஜில் இருந்தும் இரண்டு கிழமையில் காறிப்போனது. அடியில் வெள்ளையாகத் தண்ணீரும் நின்றது. அந்தத் தண்ணீர்தான் வினை என்று நினைக்கிறேன். நெய் மாதிரி முழுக்க வற்றவிட்டால் உள்ளி கருகிக் கசக்காதா? உள்ளி சேர்ந்ததை வெளியே வைத்தால் நஞ்சாகலாம் என்பது தெரியும், அதனால் மேசையில் வைக்கும் பேச்சே இல்லை. ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? மீன் வாடை ஏறாமல் எதில் சுற்றி வைப்பீர்கள்? எங்கள் பிரீசரில் பாதி சூடை மீன்தான்.