அப்பா இந்த தடவ ஓட்டு போட மாட்டேன்றாரு, உங்க வீட்ல எப்படி?

பிறை பையன்:
அப்பாக்கு 61 வயசு, இன்னும் இங்க மலேசியா, பினாங்கு பட்டர்வொர்த்ல லோரி ஓட்டுறாரு. 2008 வரைக்கும் ஆளுங்கட்சி பாரிசானோட தராசு தவிர வேற சின்னம் தெரியாது, அந்த வருசம்தான் மொத தடவ எதிர்க்கட்சி டிஏபியோட ராக்கெட்டுக்கு போட்டாரு, 2018ல பக்காத்தான் கூட்டணியோட கண்ணு சின்னத்துக்கு. இப்ப என்னடான்னா அடுத்த எலக்சனுக்கு வீட்லயே படுத்து தூங்கப் போறாராம். ஏன்பான்னா 'பழைய ஆளு நம்மள பாக்கவே இல்ல, புது ஆளு பாத்துட்டு போயிட்டான்'னு ஒரே வரி. உங்க வீட்டு பெரியவங்க எதப் பாத்து கட்சி மாறினாங்க, கொள்கையா கோவமா? சண்டைக்கு கேக்கல, அவருகிட்ட என்ன பேசுறதுன்னு தெரியல.

ஜெலுத்தோங் அக்கா:
தம்பி, 2008ல யாரு மேனிஃபெஸ்டோ படிச்சா. 2007 தீபாவளி நெருங்குற நேரத்துல பாடாங் ஜாவால கோயில இடிச்சாங்க, நவம்பர் 25 கோலாலம்பூர்ல இந்தியர் உரிமைக்காக ஹிண்ட்ராஃப் அமைப்போட பேரணி, தண்ணிய பீய்ச்சி கண்ணீர்ப்புகை அடிச்சாங்க. 2008 மார்ச் 8 எலக்சன்ல, பாரிசான்ல இருந்த இந்தியர் கட்சி மஇகாவோட தலைவரு சாமிவேலு அவரு தொகுதி சுங்கை சிப்புட்லயே தோத்தாரு. எங்கம்மா அவரு படத்த சுவத்துல மாட்டி வச்சிருந்தவங்க, அந்த தீபாவளிக்கு கழட்டுனது கழட்டுனதுதான், ஆணி மட்டும் இன்னும் இருக்கு.

மோட்டார்காரன்:
எனக்கு கொள்கைன்னா பினாங்கு பாலம்தான் ப்ரோ. பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிக்கு மோட்டார்லதான் போறேன், முன்னல்லாம் மழைல டோல்ல நிப்பாட்டி கிளவுஸ கழட்டி ரெயின்கோட்டுக்குள்ள கைய விட்டு கார்ட தேடணும், பின்னாடி ஹார்ன் அடிப்பான். 2019 ஜனவரி 1லேர்ந்து மோட்டாருக்கு டோல் இல்ல. சின்னக் காசுதான், ஆனா அத யாரும் எனக்கு மேடை போட்டு விளக்க வேணாம். ஜிஎஸ்டிய பாருங்க, 2018 ஜூன்ல 6 விழுக்காட்ட 0 ஆக்குனாங்க, செப்டம்பர்ல அதுக்கு பதிலா எஸ்எஸ்டின்னு விற்பனை, சேவை வரி வந்துருச்சு, எங்க மாமாக் கடைல ரசீதுல ஒரு லைன் போச்சே தவிர ரோத்தி சானாய் விலை எறங்கவே இல்ல.

கடன்காரி:
2018ல சம்பளம் 4,000 வெள்ளி தொட்டாத்தான் கல்விக்கடன் கட்டணும்னு பக்காத்தான் சொன்னாங்க, அப்ப எனக்கு 2,300. எலக்சன் புதன்கிழமைன்னுகூட பாக்காம லீவு போட்டு கூட்டாளிங்களோட ஒரே கார்ல ஊருக்கு போய் ஓட்டு போட்டோம். அதே வருசம் டிசம்பர்ல 2,000க்கு மேல இருந்தா சம்பளத்துல புடிப்போம்னு அறிவிப்பு, சத்தம் கெளம்புனதும் தள்ளி வச்சாங்க. சொல்லாமயே இருந்திருந்தா கோவம் வந்திருக்காது லா. பாரிசான் மேல எனக்கு அந்தக் கோவம் இல்ல பாருங்க, நியாயமே இல்லதான்.

பிறை பையன்:
எல்லாத்தையும் அப்பாக்கு படிச்சு காட்டினேன். ஆணி மேட்டருக்கு நல்லா சிரிச்சாரு. கல்விக்கடனுக்கு ஒண்ணும் சொல்லல, என்னோடதுக்கு அவருதான் கேரண்டர். சரி, பாலத்துல மோட்டாருக்கு டோல தூக்குனாங்களேப்பான்னேன், 'லோரிக்கு தூக்குனானா'ன்னு கேட்டுட்டு பால் போடாத டீ, தே ஓ கலக்க எந்திரிச்சு போயிட்டாரு.