மாற்று பம்பு வைத்தும் குளிர்நீர் நின்றுபோனது ஏன்?

கேள்வி: கிருஷ்ணகிரி அருகே மாங்கூழ் ஆலையொன்றில் பராமரிப்புப் பணியில் உள்ளேன். சென்ற பருவத்தில் குளிர்நீர் பம்பு நின்றபோது மாற்று பம்பும் கிளம்பவில்லை. இரண்டுக்கும் பொதுவான மெயின் சுவிட்சில் ஒரு பேஸ் முனை கருகியிருந்தது. தோத்தாபுரி வரத்து உச்சத்தில் இருந்த நாள் அது. கண்முன்னே பழம் வீணானதை இன்னும் மறக்க முடியவில்லை. மூன்றாவது பம்பு வாங்கலாமா?

பதில் 1: ஐயா, மூன்றாவது பம்பு வேண்டாம். 90 சதவீத நம்பகத்தன்மையுள்ள (அதாவது பழுதின்றி ஓடும் வாய்ப்புள்ள) இரண்டு பம்புகள் சேர்ந்தால் 99 சதவீதம் என்ற கணக்கு, ஒன்றின் பழுது மற்றொன்றைப் பாதிக்காதபோது மட்டுமே பொருந்தும். ஒன்று நின்றாலும் எல்லாம் நின்றுபோகும் தொடர் வரிசையில் உள்ள உறுப்புகளின் நம்பகத்தன்மையோ ஒன்றோடொன்று பெருக்கப்படுவதால், தலா 98 சதவீதமுள்ள ஐந்து உறுப்புகள் சேரும்போது மொத்தம் ஏறத்தாழ 90 சதவீதமாகக் குறைந்துவிடும். உங்கள் மெயின் சுவிட்ச் அத்தகைய தொடர் உறுப்பு. எத்தனை பம்பு வைத்தாலும் அதன் பலவீனம் நீங்காது. ஆகவே ஒவ்வொரு பம்புக்கும் தனி சுவிட்ச், தனி ஸ்டார்ட்டர், இயன்றால் தனி கேபிளும் கொடுங்கள்.

பதில் 2: மேலே சொன்னது முற்றிலும் சரி. மோட்டாரை முழுச்சுமைக்குச் சற்றுக் கீழே ஓட்டுங்கள். மோட்டார் சுருளின் வெப்பநிலை 10 டிகிரி கூடினால் அதன் கம்பிகளை மூடியுள்ள மின்காப்புப்பொருளின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். மாற்று பம்பையும் வாரம் மாற்றி ஓட்டுங்கள். பக்கத்துப் பம்பின் அதிர்வால், அசையாமல் நிற்கும் பம்பின் பேரிங்கில் குண்டுகள் ஒரே இடத்தில் உரசிக் குழி விழும். அதை நான் கழற்றிப் பார்த்திருக்கிறேன்.

கேட்டவர்: மிக்க நன்றி. இரண்டு பம்புகளும் ஒரே உறிஞ்சு குழாயில்தான் உள்ளன. அதையும் பிரிக்க வேண்டுமா?

பதில் 1: ஆம், அடைப்பு ஏற்படும் வடிகட்டியையாவது முதலில் பிரித்துவிடுங்கள்.