இராமேசுவரம் அருகே மண்டபம் கடற்கரையில் மாதாந்திர இலவச மருத்துவம்: எந்த நேரம் ஏற்றது?

கேள்வி: கருவாடு காயவைக்கும் பெண்களுள் காப்பீட்டு அட்டை இல்லாதவர்களுக்காக, மருத்துவ நண்பர்கள் சிலருடன் மாதம் ஒருமுறை இலவசச் சிகிச்சை தர எண்ணுகிறோம். எந்த நேரத்தில் வைத்தால் அவர்கள் அன்றைய கூலியை இழக்காமல் வருவார்கள்?

மறுமொழி 1: ஐயா, மாலை ஆறு மணிக்குமேல் வையுங்கள். பகலில் நடத்தினால் முதியவர்கள்தாம் வருவார்கள். கடற்பாசி எடுக்கும் பெண்களும் வரவேண்டுமானால், அவர்கள் நீர் வற்றும் நேரம் பார்த்துக் கடலில் இறங்குபவர்கள் என்பதால், தேதியை அவர்களிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். விசைப்படகுத் தொழிலாளர்களையும் பார்க்க விரும்பினால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலமே வசதியானது.

மறுமொழி 2: முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்கள் சேரலாம், ஆகவே விண்ணப்பம் எழுதித் தரவும் ஒருவரை அமர்த்துங்கள். ஆனால் அது பெரும்பாலும் உள்நோயாளிச் சிகிச்சைக்கே உதவும். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை ஒரு மாதம் கொடுத்து மறுமாதம் நிறுத்துவது ஆபத்து என்பதால், அத்தகையோரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து, வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து தரும், 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சேர்த்துவிடுங்கள்.

கேட்டவர்: நன்றி. விண்ணப்பம் எழுத ஆள் வேண்டும் என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை.